மூணாம் நம்பர் ஜோடி

இடது முட்டி எப்படி இருக்குன்னு எவனாவது கேட்டா எனக்குப் பத்திக்கிட்டு வரும். ரொட்டிக்கடையில கேக்குறாங்க, சர்ச் வாசல்ல கேக்குறாங்க, என் சொந்த அண்ணன் "சாப்பிட்டியா"ன்னு கேக்குறதுக்கு முன்னாடி அதைத்தான் கேக்குறான். போன மார்ச்சுல, மத்தியான வெயில்ல இளகிக் கிடந்த பனியில கால்ல மாட்டின ஸ்கீ பலகை ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன், முட்டிக்குள்ள ஏதோ பட்டுனு அறுந்துச்சு. இன்ஸ்ப்ருக் ஆஸ்பத்திரியில வெட்டித் தச்சு அனுப்பினாங்க. அன்னைக்கு என்னை ஸ்லெட்ஜுங்கிற பனிச்சறுக்கு வண்டியில கட்டி மலையிலேர்ந்து இறக்கினவன் வெண்டல். அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன், சொல்லாம விடமாட்டேன்.

என் பேரு நோட்புர்கா, ஊருக்கு பூர்கி. வெளியூர்க்காரங்களுக்கு ஸ்கீ சொல்லித் தர்றதுதான் பொழப்பு. ஆபரேஷன் முடிஞ்சு நான் ஊன்றுகோலோட நொண்டிக்கிட்டு இருந்தப்பவே கேபிள் கார் கம்பெனிக்காரங்க ஆரம்பிச்சிட்டாங்க: "பூர்கி, கீழ டிக்கெட் ஜன்னல்ல ஒரு இடம் இருக்கு, உக்காந்த வேலை, யோசிச்சுச் சொல்லு." உக்காந்த வேலையாம். கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து, மேல போறவனுக்கெல்லாம் டிக்கெட்டைக் கிழிச்சுக் குடுத்து, "நல்லா ஓட்டுங்க"ன்னு சிரிக்கணுமாம். அதுக்கு அந்த மார்ச்சுலயே என்னைப் பனிக்கடியில விட்டுட்டு வந்திருக்கலாம். ஆனா நானும் ஒரு முடிவு எடுத்து வச்சிருந்தேன். ஜனவரி டெஸ்ட் வாரம் வரட்டும். அதுல கால் தாங்கிச்சுன்னா மலை. தாங்கலைன்னா ஜன்னல். எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்லியும் வச்சேன், நாளைக்கு நானே நழுவக்கூடாதுன்னு.

டெஸ்ட் வாரம்னா இதுதான். ஒரு ஸ்கீ பத்திரிகைக்காக ஒவ்வொரு ஜனவரியும் நாங்க நாலு பேர் புது ஸ்கீ ஜோடி ஒவ்வொண்ணையும் மாத்தி மாத்தி ஓட்டிப் பார்த்து மார்க் போடுவோம். எங்களுக்கு வர்றது நல்லா ஓட்டத் தெரிஞ்சவங்களுக்கான ஸ்கீ. காலையில கல்லா இறுகின சரிவுல விளிம்பு கடிச்சு, கத்தியால கீறின மாதிரி கோடு விழணும், கார்விங்னு சொல்றது அதைத்தான், முதல் மார்க் அதுக்குத்தான். அதே ஸ்கீ மத்தியானம் குழம்பிப் போன பனியிலயும், சரிவை விட்டு வெளிய இருக்குற புதுப்பனியிலயும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காம ஓடணும். கம்பெனி பேரு தெரிஞ்சா மனசு சாயும்னு, ஸ்கீயைத் தயார் பண்ற கஸ்பர் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பு ஒட்டுத்தாள் ஒட்டி வெள்ளையில நம்பர் எழுதிடுவான். இடது பலகைக்கு மட்டும் ஒரு சிவப்புப் பொட்டு வைப்பான். சிவப்பு இடது கால்ல. மாத்திப் போட்டா தீர்ந்துச்சு, உள்விளிம்பு தேயறது கலந்துபோச்சுன்னு நாள் பூரா புலம்புவான்.

இன்னும் ரெண்டு விஷயம். ஒண்ணு, டெஸ்ட் முடியிற வரைக்கும் ஸ்கீயைப் பத்தி ஒருத்தருக்கொருத்தர் மூச்சு விடக்கூடாது. ஓட்டி முடிச்சதும் கஸ்பரோட போன்ல தனியாப் பேசிப் பதிவு பண்ணிட்டு வாயை மூடிக்கணும். இன்னொண்ணு மணி. மலைமேல நாங்க சாப்பிடுற குடிசையோட கதவு பக்கத்துல ஆணியில ஒரு பெரிய மாட்டுமணி தொங்கும். மத்த மூணு பேரும் ஒண்ணு சொல்ல நீ மட்டும் வேற ஒண்ணு சொல்லியிருந்தா, கடைசி நாள் அந்த மணியைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் சாப்பிடணும், அதோடயே கேபிள் கார்ல இறங்கி பஸ் நிக்கிற இடம் வரைக்கும் நடக்கணும். விளையாட்டுதான். ஆனா ஒருவாட்டி ரெமி மாட்டிக்கிட்டான், அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்கு ஊர்ப் பொண்ணுங்க அவனைப் பார்த்தா "ம்மா"ன்னு கத்துனாங்க. ரெமி எங்கள்ல சின்னவன், பழைய ஸ்கீ பந்தயக்காரன், கண்ணாடி இருக்குற இடத்துல எல்லாம் நின்னு முடியைச் சரி பண்றவன். அவனுக்கு அது உயிர் போன மாதிரி.

மூணாவது ஆள் ஸென்ஸி. இன்ஸ்ப்ருக்ல பல் டாக்டர், வாயைப் பொளக்கச் சொல்லியே பழகினவ. நாலாவது, டெஸ்டுக்குத் தலைவன் வெண்டல். அம்பத்தெட்டு வயசு, மலைவழிகாட்டி, பேச்சைக் காசு மாதிரி எண்ணி விடுறவன். மேல ஏறிட்டா எங்க ஊர்ல யாருக்கும் மரியாதைப் பேச்சு கிடையாது, எல்லாரும் வாடா போடிதான்.

திங்கட்கிழமை காலையில முதல் ரெண்டு ஸ்கீயைப் பயந்து பயந்து ஓட்டினேன். முட்டி சத்தம் போடல. சரிதான்னு மூணாம் நம்பரைப் போட்டதும் கொஞ்சம் தைரியம் வந்துடுச்சு. வெறும் சரிவு, ஆளே இல்ல, பனி நறுக்குன்னு இருக்கு. வலது கால்மேல பாரத்தை வச்சு இடப்பக்கம் திரும்பினேன். ஐயோ, அது என்ன ஸ்கீ! சாஞ்சதுதான் தெரியும், விளிம்பு கடிச்சிடுச்சு. எவ்வளவு வேகம் குடுத்தாலும் அசையல. வளைவு முடியிற இடத்துல என்னை அப்படியே தூக்கி அடுத்த வளைவுக்குக் கையில குடுத்துச்சு. வாய்விட்டுக் கத்தினேன். பத்து மாசம் கழிச்சு அப்படிக் கத்துறேன்.

அடுத்து வலப்பக்கம் திரும்பணும், பாரம் இடது கால்மேல. அங்கதான் தடதடன்னு ஒரு உதறல். விளிம்பு பிடிக்குது, விடுது, பிடிக்குது, விடுது, கடைசியில வால்பக்கம் வழுக்கிக்கிட்டுப் போயிடுச்சு. ஏதோ பனிக்கட்டின்னு நினைச்சு மறுபடி இடப்பக்கம். சொர்க்கம். மறுபடி வலப்பக்கம். தடதட. கீழ வரைக்கும் அப்படியே. சொர்க்கம், தடதட, சொர்க்கம், தடதட.

ஸ்கீ ஓட்டுற எல்லாருக்கும் ஒரு பக்கம் திரும்புறது இனிக்கும், ஒரு பக்கம் கசக்கும். இனிக்கிறதை சாக்லேட் பக்கம்னு சொல்லுவோம். எனக்கு எப்பவும் இடது கால்தான் சாக்லேட். அந்தக் காலு இப்ப நொறுங்கின பிஸ்கட்டு மாதிரி இருக்குன்னா வேற என்ன அர்த்தம்? சரிவுல மேல ஏத்திவிடுற நாற்காலி லிஃப்டோட மோட்டார் கொட்டகைக்குப் பின்னால போயி நின்னு கையுறையைக் கடிச்சுக்கிட்டு அழுதேன். நான் அழுது பார்த்தவங்க எங்க ஊர்ல யாரும் கிடையாது, இனியும் இருக்கக்கூடாதுன்னு மூஞ்சியில பனியை அள்ளித் தேச்சுக்கிட்டு கஸ்பர்கிட்ட போனேன்.

"சொல்லு, மூணு எப்படி?"ன்னு போனை நீட்டினான்.

"ஸ்கீ தங்கம். ஓட்டுனவதான் தகரம். என் வலது கால் சொல்றதை எழுதிக்கோ, இடது காலை நம்பாத. முழு மார்க்."

கஸ்பர் நிமிர்ந்து பார்த்தான். "முட்டி வலிக்குதா பூர்கி?"

"உன் வேலையைப் பாருடா."

அதுக்கப்புறம் எந்த ஸ்கீயைப் போட்டாலும் இடது கால்ல நம்பிக்கை இல்ல. அஞ்சாம் நம்பர்ல லேசா, ஆறுல கொஞ்சம், எட்டுல பயம் பாதி உதறல் பாதி. புதன்கிழமை லிஃப்ட்ல நானும் வெண்டலும் ஒரே நாற்காலி. பேசக்கூடாதுங்கிற சட்டம் எனக்கும் தெரியும். ஆனா கேக்காம இருக்க முடியல.

"வெண்டல், ஒண்ணு கேக்குறேன். மூணாம் நம்பர்ல என் இடது கால் நிக்கவே மாட்டேங்குது. உனக்கு ஏதாவது...?"

அவன் எதிர்மலையைப் பார்த்துக்கிட்டே இருந்தான். "முட்டிதான் பூர்கி. வேற என்ன"ன்னான்.

என்னை ஸ்லெட்ஜுல கட்டி இறக்கின மனுஷன். வழி பூரா "இதோ வந்துட்டோம், இதோ வந்துட்டோம்"னு என்கூட பேசிக்கிட்டே வந்தவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அந்த நாற்காலியிலயே மனசு விட்டுப்போச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம். டெஸ்ட் முடிஞ்சுது, குடிசை வாசல் மரமேசையில எல்லாரும் உக்காந்தோம். வெயில் நல்லா இருந்துச்சு. ஆளுக்கொரு கிண்ணம் உருண்டை சூப்பு, நடுவுல கைசர்ஷ்மாரன்னு பிய்ச்சுப் போட்ட இனிப்பு அப்பம், பிளம்ஸ் தொக்கு. ஒட்டுத்தாளை உரிக்கிறதுக்கு முன்னாடி என் விஷயத்தை முடிச்சிடணும்னு எழுந்து நின்னேன்.

"எல்லாரும் கொஞ்சம் வாயை மூடுங்க. இதுதான் எனக்குக் கடைசி டெஸ்ட். முட்டி போச்சு. திங்கட்கிழமையிலேர்ந்து நான் டிக்கெட் ஜன்னல்ல இருப்பேன். காலையிலதான் போன் பண்ணிச் சரின்னு சொல்லிட்டேன். யாரும் மூஞ்சியைத் தொங்கப்போட வேணாம், எனக்குப் பிடிக்காது."

ஸென்ஸி கரண்டியைக் கீழ வச்சிட்டா. "என்னடி இது, திடுதிப்புனு..."

"திடுதிப்புனு ஒண்ணுமில்ல. ஒரு வாரமா பல்லைக் கடிச்சிட்டு இருக்கேன், நீ பல் டாக்டர், உனக்கே தெரியல."

ரெமி சிரிக்கவைக்கப் பார்த்தான். "அப்ப இனிமே எனக்கு ஓசி டிக்கெட்டா அக்கா?"

"உனக்கு ரெண்டு மடங்குடா."

வெண்டல் மட்டும் தலையைத் தூக்கவே இல்ல. சூப்பு உருண்டையைக் கரண்டியால நசுக்கிக்கிட்டே இருந்தான். பாவம், எனக்காக வருத்தப்படுறான்னு நினைச்சேன். நினைச்சேன் பாருங்க!

கஸ்பர் சூழ்நிலையை மாத்தணும்னு எழுந்தான். "சரி, சரி. நல்ல சேதி ஒண்ணு. இந்த வருஷம் மணி யாருக்கும் இல்ல. மூணாம் நம்பருக்கு நாலு பேரும் முழு மார்க். இத்தனை வருஷத்துல இப்படி நடந்ததே கிடையாது." சுவத்துல சாத்தியிருந்த ஜோடியைத் தூக்கிட்டு வந்து மேசை பக்கத்துல பனியில குத்தி நிறுத்தினான். வலது பலகையில தாளோட முனையை நகத்தால கிளப்பி ஒரே இழுப்பா உரிச்சான். அடர் சிவப்பு, பளபளன்னு. பக்கத்துப் பள்ளத்தாக்குல இருக்குற சின்னக் கம்பெனியோடது. எல்லாரும் கை தட்டினோம். உள்ள உலோகத் தகடு வச்சுச் செஞ்ச ஸ்கீ, வேகமா ஓட்டுறவங்களுக்குன்னே பண்றது. அந்த ஊர்க்காரனா இவ்வளவு நல்லாச் செஞ்சான்னு ரெமிக்கு ஒரே ஆச்சரியம்.

அப்புறம் சிவப்புப் பொட்டு வச்ச இடது பலகையை உரிச்சான்.

பச்சை.

கையில தாளோட கஸ்பர் அப்படியே நின்னுட்டான். முகத்துல ஈ ஆடல. ஒரு பலகை சிவப்பு, ஒரு பலகை பச்சை. கொஞ்ச நேரம் யாருக்கும் புரியல. எனக்கும் புரியல, இந்த வருஷம் இப்படி ஒரு ஃபேஷனோன்னுதான் நினைச்சேன்.

"கடவுளே"ன்னான் கஸ்பர். "கடவுளே, கடவுளே. பச்சை இதுல வரக்கூடாது. பச்சை அடுத்த வாரக் குழுவுக்கு."

"எந்தக் குழு?"

"இப்பத்தான் ஓட்டப் பழகுறவங்களுக்கு. ஒரே அச்சு, அதே நீளம், அதே வளைவு. உள்ள மட்டும் தகடு கிடையாது. மெத்துனு இருக்கும், மெதுவா ஓட்டுறவங்களுக்கு." சொல்லிக்கிட்டே வண்டிக்கு ஓடினான். குடிசைக்குப் பின்னால பனிவண்டியில அடுத்த வார ஸ்கீயெல்லாம் பையில கட்டிக் கிடந்துச்சு. இன்னொரு கறுப்பு ஜோடியை எடுத்துட்டு வந்து பைத்தியக்காரன் மாதிரி உரிச்சான். ஒண்ணு பச்சை, ஒண்ணு சிவப்பு. "ரெண்டையும் கராஜுல பக்கத்துல பக்கத்துல வச்சுத் தாள் ஒட்டினேன். அடியோட அடி சேத்துப் பார்த்தேன், ஒரே அளவா இருந்துச்சு, கட்டிட்டேன். கனம் வேறயா இருந்திருக்கும். நான்... நான் தனித்தனியாத் தூக்கிப் பார்க்கல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மூணாம் நம்பர்ல என் இடது கால்ல கிடந்தது மெதுவா ஓட்டுறவங்களோட மெத்துப் பலகை! அதை நான் பந்தய வேகத்துல கல்லுப்பனியில அழுத்தியிருக்கேன். தடதடன்னு உதறாம என்ன பண்ணும்?

அப்பத்தான் இன்னொண்ணு உறைச்சது. மெதுவா மூணு பேரையும் பார்த்தேன்.

"இருங்க. நான் முழு மார்க் குடுத்தேன், என் கால்தான் சரியில்லன்னு. நீங்க எதுக்குடா குடுத்தீங்க?"

மூணு பேரும் கரண்டியை எடுத்துக்கிட்டாங்க.

"ரெமி. உன்னைத்தான். உன் இடது கால் உதறலையா?"

ரெமி தொண்டையைச் செருமினான். முடியைக் கூடத் தொடல. "உதறுச்சு. முதல் வளைவுலயே உதறுச்சு. டிசம்பர் பூரா பார்ட்டின்னு அலைஞ்சு உடம்பு விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். நான் மட்டும் குறை சொல்லி மறுபடி அந்த மணியை மாட்டிக்கிட்டு... முடியாதுக்கா. செத்தாலும் முடியாது."

"ஸென்ஸி?"

"எனக்கு வலப்பக்கம் எப்பவுமே கசப்புடி. இந்தவாட்டி ரொம்பக் கசந்துச்சு, அவ்வளவுதான். நீங்க மூணு பேரும் எப்படியும் ஆகா ஓகோன்னுதான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்." பல் டாக்டரம்மா முகம் செவந்துபோச்சு.

கடைசியா வெண்டலைப் பார்த்தேன். பேரைக்கூடச் சொல்லல. சும்மா பார்த்தேன்.

"எனக்கும்தான்"னான். "இடுப்பு. ரெண்டு வருஷமா வலிக்குது, யார்கிட்டயும் சொல்லல. இடுப்புதான் போச்சுன்னு நினைச்சேன்."

"புதன்கிழமை உன்கிட்ட வாயைத் திறந்து கேட்டேனே."

"கேட்ட."

"அப்பவே உன் கால்லயும் அதேதான்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா அதுக்கு முன்னாடியே கஸ்பர்கிட்ட, என் ஆயுசுல இப்படி ஒரு ஸ்கீ பார்த்ததில்லன்னு சொல்லிட்டேன். எப்படித் திருப்பி எடுக்குறது? டெஸ்டுக்குத் தலைவன் நான். உன் முட்டியா இருந்தாத் தேவலைன்னு..."

எனக்கு வந்துச்சே ஒரு கோபம். கிண்ணத்தைத் தூக்கி எறியல, அது ஒண்ணுதான் பாக்கி. "உன் முட்டியா இருந்தாத் தேவலையா? என் முட்டியை என்னடா நினைச்ச, பொதுக் குப்பைத்தொட்டின்னா? நாலு பேர், நாலு பேருக்கும் ஒரே கால் உதறியிருக்கு, ஒருத்தனுக்கு வாய் இல்ல! உங்க வெட்கத்துக்கு நான் போய் ஜன்னல்ல உக்காரணுமா? உள்ளதைச் சொல்ல என்னடா கேடு? கால் உதறுதுன்னா உதறுதுன்னு சொல்லுங்க! ஒரு மணிக்குப் பயந்து சாகுறீங்களே, நீங்கல்லாம் மலைக்காரங்களா, மாடுங்களா?" பக்கத்து மேசை ஜெர்மன்காரக் குடும்பம் சாப்பிடறதை நிறுத்திட்டு வாயைப் பொளந்து பார்த்துச்சு. பார்க்கட்டும்.

கத்தி முடிச்சதும் எனக்கு மூச்சு வாங்குச்சு. ஸென்ஸிதான் முதல்ல சிரிச்சா. "அடியே பூர்கி, அப்ப உன் முட்டிக்கு ஒண்ணும் இல்லடி!"

"மத்த ஸ்கீயிலயும் இருந்துச்சே..."

"பயம்டி! முதல்ல ஒருவாட்டி பயந்துட்ட, அப்புறம் எல்லாத்துலயும் பேய் தெரிஞ்சிருக்கு. மாத்திப் போட்டு ஓட்டிப் பாரு. சிவப்பை இடது கால்ல, பச்சையை வலது கால்ல. உதறல் வலது காலுக்குப் போயிடுச்சுன்னா முட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். ஜன்னலுக்குப் போன் பண்ணி வேற ஆளைப் பாருன்னு சொல்லிடலாம்."

இதைவிடச் சுலபமா ஒரு சோதனை உண்டா? லிஃப்ட் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. கஸ்பர் அழாத குறையா ரெண்டு பலகையையும் என் முன்னால போட்டான், தன் கையாலயே இடது வலது மாத்தி. பூட்ஸை இறுக்கிக்கிட்டுக் கிளம்பினேன். நாற்காலியில தனியா மேல போறப்ப எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், வாயில ஏதோ பாட்டு வருது, என்ன பாட்டுன்னு கூடத் தெரியல. ஜன்னல் வேலைக்கு வரலன்னு சொன்னா அந்தக் கேபிள் கார் கம்பெனிக்காரன் மூஞ்சி எப்படிப் போகும்னு நினைச்சு நினைச்சுச் சிரிச்சேன்.

மேலேர்ந்து பார்த்தா குடிசை வாசல்ல நாலும் நாலு புள்ளியா நிக்குதுங்க, என்னைப் பார்த்துக்கிட்டு. இறங்கினேன். முதல்ல இடப்பக்கம் திரும்பினேன், பாரம் வலது கால்மேல, அதுல இப்ப பச்சை. தடதடதடன்னு உதறுச்சு பாருங்க! "வா, வா, நீதானா என்னை அழவச்ச பேய்!"னு சத்தமாவே சொன்னேன். பேய் இடம் மாறிடுச்சு. அவ்வளவுதான், முடிஞ்சுது, நான் மலையிலதான் இருக்கப்போறேன்.

அடுத்த வளைவு வலப்பக்கம். இடது கால், சிவப்புப் பலகை, தகடு வச்சது. பயமே இல்ல, முழு மனசோட சாஞ்சேன். விளிம்பு கடிச்சது. அசையல. வளைவோட நடுவுல ஸ்கீ வில்லா வளைஞ்சு எதிர்த்துத் தள்ளுச்சு, திங்கட்கிழமை வலது கால்ல தள்ளின மாதிரியே. தூக்கிக் குடுத்துச்சு. முட்டி வாங்கிக்கல. உள்பக்கமா மடிஞ்சுச்சு, எலும்புக்கு மேல எலும்பு ஒரு நூல் நகர்ந்த மாதிரி, நான் கையை ஊன்றித்தான் நின்னேன்.

நின்னு மூச்சு விட்டேன். பனியா இருக்கும்னு சொல்லிக்கிட்டேன். மறுபடி சாஞ்சேன், இன்னும் மெதுவா. மறுபடி மடிஞ்சுச்சு. இன்னொரு தடவை. அதுவும் அப்படித்தான். அந்த மெத்துப் பச்சைப் பலகை திங்கட்கிழமை என்னை ஏமாத்தல. என்னைத் தாங்கியிருக்கு. அது பாதி அழுத்தத்தை விட்டுக்குடுத்து உதறினதாலதான் அன்னைக்கு முட்டி மடியல, மத்த ஸ்கீயில பயத்துல நான் இடது காலை முழுசா அழுத்தவே இல்ல. நல்ல ஸ்கீ விட்டுக்குடுக்காது. நல்ல காலு கேக்கும். என்கிட்ட அது இல்ல. நடுச்சரிவுல நின்னு இதை நான் புரிஞ்சுக்கிட்டப்ப எனக்கு அழுகை கூட வரல, காது அடைச்சுப்போச்சு.

மீதிச் சரிவைச் சறுக்கிச் சறுக்கி இறங்கினேன், நான் பாடம் சொல்லிக் குடுக்குற சுற்றுலாக்காரங்க மாதிரி. கீழ நாலு பேரும் ஓடி வந்தாங்க. தூரத்துலேர்ந்து முதல் வளைவுல உதறினதை மட்டும் பார்த்திருக்காங்க, முட்டி மடிஞ்ச இடம் மேட்டுக்குப் பின்னால மறைஞ்சுபோச்சு.

"வலது கால்தானே உதறுச்சு? பார்த்தோம்டி, பார்த்தோம்!"னு ஸென்ஸி கட்டிப்பிடிச்சா. ரெமி விசில் அடிச்சான். வெண்டல் கண்ணுல தண்ணி. ஆமான்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கைசர்ஷ்மாரன் இன்னும் ஆறியிருக்காது. எல்லாரும் உக்காந்து சாப்பிட்டிருக்கலாம்.

ஆனா அரை மணி நேரத்துக்கு முன்னாடி இவங்களை எல்லாம் நிக்கவச்சு என்ன கத்து கத்தினேன்.

"வலது உதறுச்சு"ன்னேன். "அது ஸ்கீ. இடது மடியுது. அது முட்டி. முட்டி போச்சு, நிஜமாவே போச்சு."

ஸென்ஸியோட கை என் தோள்லேர்ந்து மெதுவா இறங்குச்சு. வெண்டல் "பூர்கி"ன்னு கையை நீட்டினான்.

நான் குனிஞ்சு ஸ்கீயைக் கழட்டினேன். சிவப்பையும் பச்சையையும் அவங்க முன்னால பனியில குத்தி நிறுத்தினேன். "என் விஷயம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களை உதறவச்சது இடுப்பும் உடம்பும் கசப்புப் பக்கமும் இல்ல, எல்லாம் இந்தப் பச்சைப் பலகை பண்ணின வேலைதான். அப்படித்தானே? இப்ப மாத்தித்தான் இருக்கு. லிஃப்டும் ஓடுது. அடுத்து யாரு?"

ரெமி கையுறையை எங்கயோ வச்சிட்ட மாதிரி பையைத் தட்டிப் பார்த்தான். ஸென்ஸி குடிசைப் பக்கம் திரும்பி, சூப்பு ஆறிடும்னு யார்கிட்டயோ சொன்னா. நான் வெண்டலைப் பார்த்தேன். அவன் ஸ்கீயைப் பார்த்தான், சரிவைப் பார்த்தான், அவன் கை தானா இடுப்புக்குப் போச்சு.

யாரும் எடுக்கல. எங்களுக்குப் பின்னால லிஃப்ட் நாற்காலிங்க ஒண்ணொண்ணா காலியா மேல போய்க்கிட்டு இருந்துச்சு.